சோல் சரித்திரம் – 9: வெட்டப்பட்ட சரணம்

லூசியானா மாநிலம், ஷ்ரீவ்போர்ட் நகரம். 1963 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. ஊரின் வடக்குப் புறத்தில் இருந்த ஹாலிடே இன் விடுதியின் முன்னால் கார் வந்து நின்றது. வந்தவர்கள் பாடகர் சாம் குக், அவர் மனைவி பார்பரா, அண்ணன் சார்ல்ஸ், கச்சேரிப் பயணங்களைக் கவனித்துக்கொள்ளும் எஸ். ஆர். கிரெய்ன். அறைகளுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தார்கள். முகப்பு மேசையில் இருந்தவர் வந்தவர்களைப் பார்த்தார். அறை காலி இல்லை என்றார்.

தொலைபேசியில் குரல் மட்டும்தான் போகும். நிறம் போகாது.

சாம் நகர மறுத்தார். மேலாளரைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டார். வா, போய்விடலாம், இவர்கள் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்றார் பார்பரா. நான் சாம் குக், என்னை யாரும் கொல்ல மாட்டார்கள் என்பது அவர் பதில். இவர்கள் கண்ணுக்கு நீ இன்னொரு கறுப்பன், அவ்வளவுதான் என்று மனைவி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவழியாக எல்லோரையும் காரில் ஏற்றினார்கள். ஆத்திரம் அடங்காமல் ஹாரனை அலறவிட்டுக்கொண்டே கிளம்பினார்கள். ஊருக்குள் ஸ்ப்ரேக் தெருவில் கறுப்பர்கள் தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே போலீஸ் காத்திருந்தது. பொது அமைதியைக் குலைத்ததாகக் கைது. நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது.

ஐந்து மாதத்துக்குள் 'எ சேஞ்ஜ் இஸ் கானா கம்' என்ற பாட்டு இசைத்தட்டில் வந்துவிட்டது. மாற்றம் ஒன்று வரத்தான் போகிறது என்று பொருள். அறுபது ஆண்டுகளாக அந்தப் பல்லவியைப் பதவியேற்பு மேடைகளிலும் ஊர்வலங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் பாடிவருகிறார்கள். அதனாலேயே அது எல்லோருக்கும் பொதுவான ஒரு பிரார்த்தனை போல ஆகிவிட்டது. எனக்கோ அந்தப் பாட்டின் உயிர் பல்லவியில் இல்லை, சரணங்களில் இருக்கிறது. அதிலும் ஒரு சரணத்தில். வானொலிக்காக வெட்டப்பட்ட சரணம் அது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

சென்ற இதழில் ரே சார்ல்ஸைப் பார்த்தோம். தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்து 1954-ல் அவர் காதல் பாட்டாக்கியதும், அதற்காகப் பக்தர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். சாம் குக்கின் பாதையில் ஒரு திருப்பம் கூடுதல். அவரும் தேவாலயத்திலிருந்து காதலுக்கு வந்தவர்தான். கடைசியில், தேவாலயத்தில் கற்ற குரலை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

1931 ஜனவரி 22-ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தார். பருத்திக் காட்டு ஊர். ப்ளூஸ் இசையின் பெரிய பெயர்கள் பலவும் அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து வந்தவை. ஊரை ஒட்டி ஓடுவது சன்ஃப்ளவர் ஆறு. தந்தை சார்ல்ஸ் குக் பாதிரியார். சாமுக்கு இரண்டு வயதாகும்போதே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கின் பருத்திக் காட்டை விட்டு வடக்கின் தொழிற்சாலைக்குப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகள் சேர்ந்து தந்தையின் தேவாலயத்தில் பாடினார்கள்.

1950-ன் கடைசியில், இருபது வயதுகூட நிறையாத சாம், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற காஸ்பெல் குழுவின் முன்னணிப் பாடகரானார். அவருக்கு முன் அந்த இடத்தில் நின்றவர் ஆர். எச். ஹாரிஸ். காஸ்பெல் உலகில் மலை போன்றவர். அவரைப் போல உச்சத்தில் முழங்க முயன்றால் குரல் உடைந்துவிடும் என்று சாமுக்குச் சீக்கிரமே புரிந்தது. முழங்குவதை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார். ஒரு சொல்லின் நடுவில் குரலை மெல்லத் தூக்கி, நம் பாடகர்கள் பிருகா போடுவது போல மூன்று நான்கு ஸ்வரங்களை உருட்டி இறக்குவார். அந்த ஒரு உருட்டல் அவருடைய கையெழுத்தானது. தேவாலயத்துக்கு இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

1956-ல் 'டேல் குக்' என்ற புனைபெயரில் ஒரு காதல் பாட்டு வெளியிட்டார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு சொந்தப் பெயரில் 'யூ செண்ட் மீ' வந்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டதும் அப்போதுதான். அதன்பின் 'செயின் கேங்', 'கியூபிட்', 'ட்விஸ்டிங் த நைட் அவே' என்று வரிசையாக வெற்றி. பாடியதோடு நிற்கவில்லை. ஜே. டபிள்யூ. அலெக்சாண்டர் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தப் பதிப்பு நிறுவனம் வைத்தார், 'சார்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். கறுப்பினப் பாடகர் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுச் சில்லறையோடு வீட்டுக்குப் போன காலத்தில், தன் பாட்டின் உரிமையைத் தன் பையில் வைத்திருந்தவர் அவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாமுக்கு அரசியல் தெரியாது, பாடகர் பாப் டிலனைக் கேட்ட பிறகுதான் கண் திறந்தது என்று கதை சொல்கிறார்கள். 1961 மே மாதம் மெம்ஃபிஸ் நகரத்தின் எல்லிஸ் அரங்கில் கறுப்பர்களைத் தனியாக உட்காரவைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவரும் சக பாடகர் கிளைட் மெக்ஃபாட்டரும் மேடை ஏற மறுத்தார்கள். கண் திறந்தேதான் இருந்தது. அதுவரை பாட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இரண்டு இசைத்தட்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் போதும். ஒன்று 1963 ஜனவரி 12-ல் மயாமியின் கறுப்பினப் பகுதியில் இருந்த ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில் பதிவானது. குரல் கரகரக்கிறது, கூட்டம் கூடவே பாடுகிறது, வியர்வை வாடை காதில் கேட்கிறது. அதை வெளியிட்டால் வெள்ளையர் சந்தை போய்விடும் என்று ஆர்சிஏ நிறுவனம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது, 1985-ல்தான் வெளிவந்தது. இன்னொன்று 1964-ல் நியூயார்க்கின் கோப்பகபானா விடுதியில் பதிவானது. அதில் சட்டை மடிப்புக் கலையாத சாம். இரண்டு அரங்கு, இரண்டு குரல், ஒரே மனிதர். இந்த இரண்டையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவர அவருக்கு வாய்த்த இடம்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் பாட்டு.

1963 அவருக்கு மிகக் கொடுமையான ஆண்டு. ஜூன் மாதம், பதினெட்டு மாதக் குழந்தை வின்சென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தது. நாட்டிலும் அந்த ஆண்டு அப்படித்தான் இருந்தது. ஆகஸ்ட் 28-ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசினார். செப்டம்பர் 15-ல் பர்மிங்காம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. அக்டோபரில் ஷ்ரீவ்போர்ட்.

அந்த ஆண்டு நாடு முழுக்க ஒலித்த பாட்டு பாப் டிலனின் 'ப்ளோயிங் இன் த விண்ட்'. சாம் அதைக் கேட்டு அசந்துபோனார். தானும் மேடையில் பாட ஆரம்பித்தார். கூடவே ஒரு வெட்கம். இனக் கொடுமையைப் பற்றி இப்படி ஒரு பாட்டை ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதியிருக்கிறான், நாம் எழுதவில்லையே என்று நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறார். டிலனே பிற்பாடு ஒப்புக்கொண்ட செய்தி ஒன்று இங்கே சேர வேண்டும்: அவர் மெட்டுக்கு ஆதாரம், ஏலச்சந்தைக்கு இனி எங்களை அனுப்ப வேண்டாம் என்று கறுப்பின அடிமைகள் பாடிய பழைய பாட்டு. அடிமைகளின் மெட்டு ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அவர்கள் பேரனின் காதில் விழுந்திருக்கிறது.

1963 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், சாம் புதுப் பாட்டை அலெக்சாண்டருக்குப் பாடிக் காட்டினார். எழுதிய பாட்டு மாதிரியே இல்லை, கனவில் யாரோ கொடுத்தது போல வந்துவிட்டது என்றார். இதனால் காசு வருமா என்பது சந்தேகம் என்று அலெக்சாண்டர் சொன்னதாகவும், அதைப் பற்றிச் சாம் கவலைப்படவில்லை என்றும் பதிவு உண்டு. தன் தந்தை கேட்டால் பெருமைப்படுவார் என்பதுதான் அவர் நினைப்பு.

பாட்டுக்கு வாத்திய இசை அமைத்தவர் ரெனே ஹால். லூசியானாவில் பிறந்த கிடாரிஸ்ட், சாமின் பல பாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர். வழக்கமாக இந்த இடத்தில் இந்த வாத்தியம் என்று வாயால் பாடியே சொல்லிவிடும் சாம், இந்த முறை எதுவும் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். ஹால் அதைத் திரைப்படத்துக்குப் பின்னணி இசை எழுதுவது போல எழுதினார். ஒவ்வொரு சரணமும் ஒரு காட்சி. ஒன்றில் தாள வாத்தியங்கள் முன்னால் நிற்கும், ஒன்றில் வயலின்கள், ஒன்றில் பிரெஞ்சு ஹார்ன். பாட்டு திசை மாறும் இடத்தில் டிம்பனி என்கிற பெரிய செப்புப் பேரிகை உறுமும்.

1964 ஜனவரி 30, ஹாலிவுட்டில் ஆர்சிஏ ஒலிப்பதிவுக் கூடம். சாமின் குழுவில் டிரம்ஸ் வாசிக்க வந்திருந்தவர் ஜான் புட்ரோ, நியூ ஆர்லீன்ஸ்காரர். கூடத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியக் கூட்டத்தையும் எழுதி வைத்திருந்த இசையையும் பார்த்து அவர் மிரண்டுபோனார். ஒலிக் கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார். நல்லவேளையாகப் பக்கத்துக் கூடத்தில் ஏர்ல் பாமர் வேறு வேலையாக இருந்தார். ஃபேட்ஸ் டாமினோவுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் வாசித்த கை. அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். இன்று நாம் கேட்கும் அந்த அடக்கமான தாளம் அவருடையது.

இப்போது பாட்டைப் போட்டுக் கேட்போம். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். முதலில் வயலின்கள் ஒன்றாக எழும்பி, திரை விலகுவது போல அகலமாக விரிந்து, ஹார்னோடு சேர்ந்து படியிறங்குகின்றன. அவை இறங்கி முடிக்கும் இடத்தில் குரல் வருகிறது. முதல் சொல் 'நான்'. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துதான். அதை அவர் உடனே விட்டுவிடவில்லை. பிடித்து நிறுத்தி, இழுத்து, அந்த இழுப்பிலேயே தான் பட்ட தூரத்தையெல்லாம் காட்டிவிட்டு, அப்புறம்தான் மீதிச் சொற்களுக்குப் போகிறார். போராட்டப் பாட்டு என்றால் 'நாம்' என்று தொடங்குவது வழக்கம். இங்கே 'நான்'. ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில் பிறந்த தனி ஆள். அந்த ஆறு போலவே அன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பவன். ஆறு என்றதும் அமெரிக்கக் காதுகளுக்கு 1927-ல் வந்த 'ஓல் மேன் ரிவர்' நினைவுக்கு வரும். சாம் தன் முதல் தொகுப்பிலேயே அதைப் பாடியிருந்தார். அந்தப் பாட்டில் ஆறு கவலையில்லாமல் போகும், மனிதன்தான் கரையில் கஷ்டப்படுவான். சாமின் பாட்டில் ஆறும் நிற்க இடமில்லாமல் ஓடுகிறது.

இரண்டாம் சரணம் என்னை ஒவ்வொரு முறையும் நிமிரவைக்கிறது. வாழ்வதும் கடினம், சாகவும் பயம், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்கிறார். சொல்வது பாதிரியாரின் மகன். ஆறு வருடம் ஊர் ஊராகப் போய், அப்பால் ஒரு வீடு காத்திருக்கிறது, அங்கே கண்ணீர் இல்லை என்று பாடி ஜனங்களை அழவைத்தவர். காஸ்பெல் பாட்டின் கட்டடமே அந்த உறுதிமொழியின் மேல் நிற்கிறது. அந்த அஸ்திவாரக் கல்லை உருவி எடுத்துவிட்டு, அதே காஸ்பெல் மெட்டில், அப்படியானால் மாற்றம் இங்கேதான் வர வேண்டும் என்கிறார். இதைவிடத் துணிச்சலான வரியை அந்த ஆண்டு வேறு யாரும் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்து வருவதுதான் அந்தச் சரணம். சினிமாவுக்குப் போகிறேன், கடைத்தெருவுக்குப் போகிறேன், இங்கெல்லாம் சுற்றாதே என்று என்னை விரட்டுகிறார்கள். இவ்வளவுதான். ஆறு, வானம், மரணம் எல்லாம் பேசிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று டிக்கெட் கவுன்டருக்கு வந்துவிடுகிறது. உவமை இல்லை, தத்துவம் இல்லை. 1963-ல் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பர் சனிக்கிழமை மாலை படம் பார்க்கப் போனால் நடப்பது. பின்பக்கப் படி, மாடி மூலை, சில கொட்டகைகளில் அதுவும் இல்லை. கார் எடுத்துக்கொண்டு வெளியூர் போகிறவர்களுக்கு எந்த ஊரில் எந்த வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், எங்கே சோறு போடுவார்கள் என்று பட்டியல் போட்டு, 'கிரீன் புக்' என்று ஒரு கையேடே 1936-லிருந்து முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. ஷ்ரீவ்போர்ட் முகப்பு மேசை அந்தச் சரணத்துக்குள் இருக்கிறது. விடுதிக்குப் பதில் சினிமாக் கொட்டகை, அவ்வளவுதான்.

அதன்பின் பாட்டு திரும்புகிறது. பேரிகை உறும, சகோதரனிடம் போய் உதவி கேட்கிறான். எழுந்து நிற்கப் பார்ப்பவனை அவன் மீண்டும் மண்டியிட வைக்கிறான். அந்தச் சகோதரன் யார்? ஒரே தேவனைக் கும்பிடும் வெள்ளைக்காரக் கிறிஸ்தவன் என்பார் சிலர், சொந்த இனத்தில் வசதியாக ஒதுங்கிக்கொண்டவன் என்பார் சிலர். சாம் விளக்கம் சொல்லவில்லை. அங்கே மட்டும் குரல் ஹார்லம் ஸ்கொயர் கிளப்பின் கரகரப்புக்குப் போய்விட்டு வருகிறது. பாட்டு முழுவதிலும் அவர் தன் பெயர்பெற்ற உருட்டலை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்துவிட்டார். ரசிகர்கள் கைதட்டக் காத்திருக்கும் சங்கதியைப் போடாமல் விடுவது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 7-ல் ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். அப்போது அவருடைய வரவு செலவைக் கவனித்துக்கொண்ட ஆலன் க்ளைன்தான், லேசான பாட்டெல்லாம் வேண்டாம், இதைத்தான் பாட வேண்டும், வயலின்களுக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு என்று வற்புறுத்தியவர். நாடு முழுக்க ஒளிபரப்பானது. ஆனால் அந்த நாடாவை என்பிசி பாதுகாத்து வைக்கவில்லை. சாம் குக் இந்தப் பாட்டைப் பாடுவதைப் பார்க்க இன்று நமக்கு ஒரு நொடிக் காட்சிகூட இல்லை. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9-ல், பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு வந்தார்கள். அதற்குப்பின் நாடு வேறு எதையும் பேசவில்லை.

பாபி வோமாக் என்ற இளம் பாடகர் சாமின் சீடர் போன்றவர். பாட்டைக் கேட்டுவிட்டு, இது சாவு போல இருக்கிறது என்றாராம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால் இதை மேடையில் பாடப் போவதில்லை என்றாராம் சாம். கார்சன் நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் அதை மேடையில் பாடவே இல்லை என்றுதான் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும். 2020-ல் வந்த 'ஒன் நைட் இன் மயாமி' படத்தைப் பல வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 1964 பிப்ரவரி 25 இரவு, சானி லிஸ்டனை வீழ்த்திக் குத்துச்சண்டை உலக சாம்பியனான காஷியஸ் கிளே, மால்கம் எக்ஸ், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன், சாம் குக் நால்வரும் ஹாம்ப்டன் ஹவுஸ் விடுதியில் கூடியதைப் பற்றிய படம். நல்ல படம். அதில் மால்கம், டிலன் பாட்டைப் போட்டுக் காட்டி சாமைக் குத்திக்காட்டுவார். சாம் அதன்பின் போய் இந்தப் பாட்டைத் தொலைக்காட்சியில் பாடுவார். நாட்காட்டி அப்படிச் சொல்லவில்லை. அந்த இரவு வந்தபோது பாட்டு எழுதி, பதிவாகி, தொலைக்காட்சியிலும் பாடி முடிந்திருந்தது. யாரும் குத்திக்காட்ட வேண்டியிருக்கவில்லை. படம் காட்டும் விடுதி மட்டும் உண்மை. மயாமி கடற்கரையில் சண்டை போட்டு உலகத்தையே வென்ற கிளேவுக்கு அந்தக் கடற்கரை விடுதிகளில் அறை கிடையாது. அதனால்தான் கறுப்பர் பகுதியில் இருந்த ஹாம்ப்டன் ஹவுஸ்.

மார்ச் மாதம் 'எய்ன்ட் தட் குட் நியூஸ்' தொகுப்பில் ஒரு பாட்டாக இதுவும் வெளிவந்தது. ஜூலை 2-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் இரண்டாம் பகுதி விடுதி, உணவகம், திரையரங்கு இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: நிறம் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சாமின் மூன்றாம் சரணத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் எழுதிய பதில் என்று அதைப் படிக்கலாம். சட்டம் எழுதியவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதினார்கள் என்று சொல்லவில்லை. இருவரும் ஒரே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 11, லாஸ் ஏஞ்சலஸ், ஹசியெண்டா மோட்டல். நள்ளிரவுக்குப் பின் அங்கே நடந்த தகராறில், விடுதியை நிர்வகித்த பெண் சாம் குக்கைச் சுட்டுக் கொன்றார். வயது முப்பத்து மூன்று. தற்காப்புக்காகச் சுட்டது நியாயமே என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது. குடும்பத்தாரும் நண்பர்களும் அதை ஏற்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த இரவைத் துப்பறியும் கதையாக்கும் விருப்பம் எனக்கு இல்லை. சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலுமாக இரண்டு இறுதிச் சடங்குகள். லாஸ் ஏஞ்சலஸில் ரே சார்ல்ஸ் பாடினார்.

டிசம்பர் 22-ல் சாமின் அடுத்த தனித்தட்டு கடைக்கு வந்தது. முன்பக்கம் 'ஷேக்', ஆட்டம் போடவைக்கும் பாட்டு. மறுபக்கம் 'எ சேஞ்ஜ் இஸ் கானா கம்'. மறுபக்கத்தைப் போட்டவர்களுக்கு ஆறு கேட்டது, வானம் கேட்டது, சகோதரன் கேட்டான். நடுவில் சினிமாக் கொட்டகை இல்லை. வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப வசதியாக, அந்தச் சரணத்தையும் அதைத் தொடரும் பல்லவியையும் வெட்டிவிட்டார்கள். நீளத்தைக் குறைக்க என்றால் வெட்ட வேறு இடம் இருந்தது. சாவைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவைத்தார்கள். மண்டியிட வைத்த சகோதரனை விட்டுவைத்தார்கள். டிக்கெட் கவுன்டரை மட்டும் எடுத்தார்கள். சட்டம் அந்தக் கதவைத் திறந்து ஐந்து மாதம் தாண்டியிருந்தது. வானொலி அதைப் பற்றிய நாலு வரிக்குத் தயாராகவில்லை. பொதுவான துயரத்தை யாரும் கேட்டுக்கொள்வார்கள். எந்த வாசலில், யார் விரட்டியது என்று சொல்லும்போதுதான் கத்தரிக்கோல் வருகிறது. எழுதியவர் உயிரோடு இருந்து சண்டை போடவும் இல்லை.

வெட்டிய பிறகும் பாட்டு ஓடியது. 1965 தொடக்கத்தில் பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 9-ஆம் இடம், பொதுப் பட்டியலில் 31. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது; 'ஷேக்' முதல் பத்துக்குள் போனது. ஆனால் அது செல்மா ஊர்வலத்தின் ஆண்டு. மார்ச் 7-ல் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் மேல் போலீஸ் தடி கொண்டு மக்களை அடித்தது. கறுப்பினப் பகுதிகளின் வானொலியில் இந்தப் பாட்டு யாரும் அறிவிக்காமலே வேறு ஒரு பாட்டாக மாறிக்கொண்டிருந்தது. 1968 ஏப்ரலில் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, தாமும் தம் தாயாரும் அழுதுகொண்டே இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக ரோசா பார்க்ஸ் சொல்லியிருக்கிறார். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த அந்த அம்மையாருக்கு, விரட்டப்படுவது என்றால் என்ன என்று பாட்டு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரிதா ஃபிராங்க்ளின் 1967-ல் பாடினார். டெட்ராய்ட்டில் தன் தந்தையின் தேவாலயத்துக்குப் பாட வந்த சாமைச் சிறுவயதிலேயே அறிந்தவர் அவர். பழைய நண்பர் ஒருவர் சொன்னதாகத் தொடங்கிவிட்டுத்தான் பாட்டுக்குள்ளேயே போகிறார். ஸ்பைக் லீ 1992-ல் தன் 'மால்கம் எக்ஸ்' படத்தில், மால்கம் கடைசியாகப் பேசப் போகும் அரங்கத்துக்குக் காரில் செல்லும் காட்சிக்கு சாமின் குரலையே வைத்தார். 2007-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. 2008 நவம்பர் 4 இரவு, சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் பராக் ஒபாமா பேசிய வெற்றி உரையில் இந்தப் பல்லவியின் எதிரொலி இருந்தது. சாம் வளர்ந்த நகரம் அது. பதவியேற்புக்கு இரண்டு நாள் முன், 2009 ஜனவரி 18-ல், லிங்கன் நினைவகப் படிகளில் பெட்டி லாவெட்டும் ஜான் பான் ஜோவியும் சேர்ந்து பாடினார்கள். பல சோல் ரசிகர்கள் பெட்டி லாவெட்டை முதன்முதலில் திரும்பிப் பார்த்தது அன்றுதான். அவர் அப்போது நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பாடிக்கொண்டிருந்தார்.

ஷ்ரீவ்போர்டுக்கு ஒரு முறை திரும்பிப் போக வேண்டும். 2019 ஜூன் மாதம் அந்த ஊரின் இசை விழாவில், நகர மேயர் ஏட்ரியன் பெர்கின்ஸ் 1963-ல் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். அவரும் கறுப்பினத்தவர். சாமின் மகள்களில் ஒருவரான கார்லா குக்கிடம் நகரத்தின் சாவியைக் கொடுத்தார். அங்கே அது மரியாதைக்குக் கொடுக்கும் அடையாளச் சாவி. எந்தப் பூட்டுக்கும் சேராது. ஐம்பத்தாறு ஆண்டுக்கு முன் அவர் தந்தை அந்த ஊரில் கேட்டது, பூட்டுக்குச் சேரும் ஒரு சாவி. விடுதி அறைச் சாவி.

இப்போது கிடைக்கும் பதிப்புகளில் பெரும்பாலானவை தொகுப்பில் வந்த முழு வடிவம்தான். கேட்கும்போது இரண்டாம் சரணம் முடிந்து பல்லவி வந்ததும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஹார்ன் தாழ ஒலிக்கும். அடுத்து வருவதுதான் அந்தச் சரணம். அங்கே சாம் குரலை உயர்த்தவே இல்லை.

சாம் இறந்து ஏழு மாதம் ஆன 1965 ஜூலையில், மெம்ஃபிஸில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை மாற்றி அமைத்திருந்த ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, ஜார்ஜியாவிலிருந்து வந்த இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் வந்தார். ஏறக்குறைய ஒரே நாளில் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி முடித்தார். அதில் மூன்று பாட்டுகள் சாம் குக்குடையவை. ஒன்று இந்தப் பாட்டு. வயலின் கிடையாது. பித்தளை வாத்தியங்களும் கிடாரும் வறண்ட தொண்டையும்தான். அவர் பெயர் ஓடிஸ் ரெடிங்.

(தொடரும்)